ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றால் வேலியை யார் அடைப்பது?



யாழ்ப்பாண நகருக்கு அண்மையில், உறவினர் காணியொன்றில் குடியிருக்கும் வேலணை ஐயா ஒருவரை அண்மையில் சந்தித்தேன். பேசிக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் அலுமாரிக்குள் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். அதற்குள் இருந்தது காணி உறுதி. 1990இல் ஊரைவிட்டு ஓடியபோது வேறு சாமான் எதுவும் எடுக்கவில்லையாம். இதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு ஓடினாராம். தென்மராட்சி, வன்னி என்று போன இடமெல்லாம் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் இதைத் தலைமாட்டில் வைத்தே படுத்தாராம்.

"சுவாமி, கிணறு தூர்ந்துபோச்சு. வேலி இல்லை. பிள்ளையளும் வெளியில. இனி எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றார்.

இந்த வார்த்தையை நாம் நாள்தோறும் கேட்கிறோம், நாமும் சொல்கிறோம். அதில் விசுவாசமும் இருக்கலாம், களைப்பும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வேண்டிய காலம் இது என்பதே எனது கருத்து.

நம் மக்கள் களைத்துப்போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1990 ஓகஸ்டில் இராணுவம் மண்டைதீவிலும் ஊர்காவற்றுறைப் பகுதியிலும் இறங்கியபோது ஓடினோம். 1991இல் ஏனைய தீவுகளும் வெறிச்சோடின. 1995 ஒக்டோபர் 30இல் குடாநாட்டு மக்களோடு மக்களாக மீண்டும் நடந்தோம். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை நம்பித் திரும்பி வந்து கூரை போட்டவர்கள், 2006 ஓகஸ்டில் மறுபடியும் ஓடினார்கள். அந்த மாதம் 13ஆம் நாள் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மேல் எறிகணைகள் வீழ்ந்தன. காயப்பட்டோரைக் காப்பாற்றப் பாடுபட்ட பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், ஒரு வாரத்தின் பின் 20ஆம் நாள் காணாமற்போனார். அவர் திரும்பி வரவேயில்லை. இவ்வளவும் கண்ட மக்களிடம், கடவுளை நம்புங்கள் என்று சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வேதாகமத்தில் இருந்து ஒரு காணிக் கதையைச் சொல்கிறேன்.

எரேமியா இறைவாக்கினர் காலத்தில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா சிறைக்காவலில் இருந்தார். அவருடைய சொந்த ஊர் அனத்தோத்து எதிரியின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வேளையில் அவருடைய சிற்றப்பாவின் மகன் வந்து, ஊரில் உள்ள என் காணியை நீரே வாங்கும், இனத்தவர் என்ற முறையில் உரிமை உமக்கே என்று கேட்டான். இது எமக்குப் புதிதல்ல. கூட்டு உரித்தாளருக்குக் காணியை முதலில் வாங்கும் உரிமை நமது தேசவழமையிலும் உண்டல்லவா?

போர் நடக்கும் ஊரில் காணி வாங்குவார் யார்? எரேமியா வாங்கினார். 17 வெள்ளிக்காசு நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். உறுதி இரண்டு பிரதியாக எழுதப்பட்டது. நெடுங்காலம் பழுதடையாமல் இருக்க அதை மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் தோட்டமும் வாங்கப்படும் என்ற இறைவாக்கை அவர் நம்பினார். நம்பியதனால்தான் காசை எண்ணினார், சாட்சியைக் கூப்பிட்டார், உறுதியைப் பத்திரப்படுத்தினார்.

அன்பானவர்களே, இங்கே நம்பிக்கையும் வேலையும் வேறுவேறாக இல்லை. ஐயாவின் பொலித்தீன் பைக்கும் எரேமியாவின் மண்பாண்டத்துக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. இத்தனை வருடம் அதைக் காப்பாற்றியதே ஒரு விசுவாச அறிக்கைதான். ஆனால் உறுதியைக் காப்பாற்றியவர் காணியைக் கைவிடலாமா?

நமது விசுவாச வாழ்வு வேலியில் தொடங்குகிறது என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். உண்மை அதுதான். திரும்பிப் போன சில இடங்களில் நடப்பதை நீங்களும் அறிவீர்கள். அடுத்த காணிக்காரர் கனடாவில் அல்லது பிரான்சில். எல்லைப் பனை எறிகணையில் தறிபட்டுவிட்டது. வேலி அடைக்கும்போது கதியால் இரண்டு முழம் தள்ளிப் போகிறது. "அவை இனி வரவா போயினம்?" என்று ஒரு நியாயம். மற்றவன் நம் காணியில் இருந்தால் அநியாயம் என்கிறோம். நாம் மற்றவனின் எல்லையைத் தள்ளினால் அதற்கு என்ன பெயர்? அயலவனின் எல்லைக்கல்லை நகர்த்தக் கூடாது என்பது மோசே கொடுத்த சட்டம். ஊரில் இல்லாதவனின் எல்லையைக் காப்பவனே கடவுள் இருக்கிறார் என்று உண்மையில் நம்புகிறவன். அங்கே பார்ப்பதற்குக் கடவுளைத் தவிர வேறொருவரும் இல்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரரின் காணிக்கும் வீட்டுக்கும் இதே நியாயந்தான்.

கிணறும் அப்படியே. நமது தீவுகளில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. மழையே அதற்கு வரவு. ஒருவர் மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும், அயற்கிணறும் கெடும். எனக்குத் தேவையானதை மட்டும் எடுத்து அயலவனுக்கும் விடுவதே, அன்றன்றைய உணவைத் தாரும் என்று நாம் செபிப்பதன் கருத்து.

ஊரில் ஆலயம் இடிந்து கிடக்கிறது, பூசை இல்லை, எப்படிச் செபிப்பது என்றும் சிலர் கேட்கிறார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் குருக்கள் துரத்தப்பட்டார்கள், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. புனித யோசேப்பு வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள். அவர் வந்தபோது இங்கே விசுவாசம் செத்துப்போகவில்லை. அதைக் காத்தவர்கள் வீட்டிலே பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் தகப்பன்மாருமே. வாடகை வீடாயினும் மாலையில் ஒரு விளக்கேற்றிச் செபமாலை சொல்ல அது போதும். பிள்ளைகளுக்கு ஊரின் பெயரையும், காணியின் பெயரையும், நான்கு எல்லைகளையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள்.

இன்னும் விடப்படாத காணிகளை உடையவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறுமை என்பது வாய்மூடி இருப்பதல்ல. நீதியற்ற நடுவனிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்ட கைம்பெண்ணையே இயேசு செபத்துக்கு உதாரணம் காட்டினார். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்திருங்கள், தனியே போகாமல் கூட்டாகப் போங்கள். காணி உங்கள் கையில் இருந்தும் போய்ப் பாராமல் விட்டால், பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்குச் சட்டமே உரித்துக் கொடுக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

எல்லோரும் உடனே திரும்பிப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், தொழில் என்று இங்கேயே இருக்கவேண்டிய குடும்பங்கள் உண்டு. பாபிலோனில் இருந்தோருக்கும் எரேமியா கடிதம் எழுதினார். வீடு கட்டி, தோட்டம் வைத்து, இருக்கும் ஊரின் நலத்துக்காகவும் மன்றாடும்படி எழுதினார். எங்கே இருந்தாலும் கைகட்டி இருக்கச் சொல்லவில்லை.

ஐயாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "இந்த மாரிக்கு முன்னம் ஒருக்கா போய்க் கிணத்தை இறைப்பமா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாளியும் கயிறும் வேணும், சுவாமி" என்றார்.

ஆண்டவர் பார்த்துக்கொள்வார். வாளியையும் கயிற்றையும் நாம் கொண்டுபோவோம்.