பாட்டுக்கு ஊரும் பேரும் வேண்டாமா?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ஒரு காலத்தில் ராமாநுஜர் ஞாபகம்தான் வரும். இப்போது கார் ஞாபகமும் கைபேசி ஞாபகமும் சேர்ந்து வருகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. அப்புறம் ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் வரிசை கட்டிவிட்டன. வேலைக்கு வந்தவர்களில் தென் மாவட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

இவர்களில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கைபேசிதான் பாட்டுப் புத்தகம், அதுவே பாடகர் குழு, அதுவே ஆர்மோனியம். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் ஏறினால், அம்மா காலத்துக் கேஸட் பாட்டு காதில் விழுகிறது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர் யார்? மெட்டமைத்தவர் யார்? எந்த வருஷத்தில் வெளிவந்தது? பெரும்பாலும் பதில் கிடையாது. 'பழைய கிறிஸ்தவப் பாடல்கள்' என்று ஒரே கோணியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

இது எந்த இடத்தில் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. இந்த வட்டாரத்துத் தொழிற்சாலையில் எண் இல்லாமல் எதுவும் வாசல் தாண்டாது. வண்டிக்கு அடிச்சட்ட எண், என்ஜினுக்கு ஓர் எண், உதிரி பாகத்துக்குக்கூட அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற குறிப்பு! ஒரு பாகம் பழுதானால் அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று தேடிக் கண்டுபிடித்து விடலாம். அந்தப் பாகத்தைப் பொருத்தும் பெண் கேட்கிற பாட்டுக்கு மாத்திரம் ஊரும் இல்லை, பேரும் இல்லை.

மேல்நாட்டார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் நீள முடி வளர்த்த வாலிபர்கள் சிலர் கிதாரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார்கள். பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். 1971இல் கலிபோர்னியா மாகாணத்துக் காஸ்டா மேசா ஊரில் உள்ள கால்வரி சேப்பல் சபையார், அந்த வாலிபர்களின் குழுக்கள் பலவற்றின் பாட்டுகளைச் சேர்த்து ஒரே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். மரநாதா மியூசிக் என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. இன்று அந்நாட்டுக் கிறிஸ்தவப் புது இசையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அந்தத் தட்டைத் தொடாமல் போவதில்லை. இன்ன பாட்டு இன்ன குழுவினுடையது என்று அதில் தெரிகிறது அல்லவா?

இதைக் கேட்டுவிட்டு, புதுமை எல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியே தமிழ்நாட்டில் இந்தக் காரியம் நடந்துவிட்டது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) அந்தக் காலத்துப் புது இசைக்காரர். ஜெர்மன் மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளைச் சபையார் பாடிக்கொண்டிருந்த போது, அவர் நம் ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனை பாடினார். குற்றாலத்துக்குக் குறவஞ்சி உண்டானால் பெத்லகேமுக்கு ஏன் கூடாது என்று 'பெத்லகேம் குறவஞ்சி'யும் இயற்றினார். பிற்பாடு 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்ற பாதிரியார் இத்தகைய கீர்த்தனைகளைத் திரட்டி அச்சேற்றினார். சாஸ்திரியாருடைய பாட்டுகள் அதில் நிறைய இடம் பெற்றன. கீர்த்தனைப் புத்தகம் இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் இருக்கிறது. பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் நம்முடைய பாட்டைத் தேடித் திரட்டினாரே, அவருக்கு இருந்த கவலை நமக்கு இல்லாமல் போய்விட்டதே!

தொகுப்பு என்றால் நல்லதை மட்டும் பொறுக்கி வைப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சாஸ்திரியாரையே எடுத்துக் கொள்வோம். அவர் பெரும் கவி, சந்தேகமில்லை. ஆனால் 1820களின் கடைசியில், கோயிலுக்குள் ஜாதி வித்தியாசம் கூடாது என்று புதிய மிஷனரிகள் கண்டிப்புச் செய்தபோது, அவர்களை எதிர்த்து ஜாதி வழக்கத்துக்குப் பரிந்து எழுதியவரும் அவரே. எங்கள் பாட்டில் கை வைக்காதே என்று அவர் சொன்னது நியாயம். எங்கள் பந்தியில் கை வைக்காதே என்று சொன்னதை நியாயம் என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே நாவிலிருந்து வந்தவை.

அதற்குப் பதில் வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு (1940-2005) என்று ஓர் ஆசிரியர் இருந்தார். 'பரட்டை' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கர்நாடக சங்கீதக் கீர்த்தனை மேல் ஜாதியாரின் பாணி என்பது அவர் கட்சி. ஆகவே நாட்டுப்புற மெட்டை எடுத்தார். பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கிராமத்து ஜனங்கள் கூடிப் பாடவும், வேண்டியபடி மாற்றிப் பாடவும் ஏற்றவையாகப் பாட்டுகளை அமைத்தார். அவற்றில் பல கேஸட்டில் பரவின. சாஸ்திரியாரையும் அப்பாவுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற தொகுப்புதான் உண்மையான தொகுப்பு. ஒருவரைச் சேர்த்து மற்றவரை விட்டால் பாதிக் கதையை மறைத்ததாகும்.

இருவருக்கும் நடுவில் கிடப்பதும் கொஞ்சமல்ல. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் பூசையைத் தாய்மொழியில் நடத்த வழி திறந்ததும், கத்தோலிக்கக் கோயில்களுக்குப் புதுத் தமிழ்ப் பாட்டுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அமெரிக்க வாலிபர்கள் கிதாரைத் தூக்கிய அதே காலம்தான்! சினிமாவில் புகழ் பெற்ற ஜிக்கி போன்றவர்கள் கிறிஸ்தவப் பாட்டுகளும் பாடினார்கள். (அந்த அம்மாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படமே 1948இல் வந்த 'ஞானசௌந்தரி' என்ற கிறிஸ்தவக் கதைதான்.) பிறகு கேஸட் யுகம் வந்தது. இசைத்தட்டுக்குப் பெரிய கம்பெனி வேண்டும். கேஸட்டுக்கு ஓர் அறையும் பதிவு இயந்திரமும் இருந்தால் போதும். சின்னச் சபைகளும் தனி ஊழியர்களும் தாங்களே வெளியிட்டார்கள். பேர் தெரியாமல் போனது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். கேஸட் பெட்டிக்குள் ஒரு மடிப்புக் காகிதம் இருக்கும்; விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றியவர்கள் சத்தத்தை மாற்றினார்கள், காகிதத்தை விட்டுவிட்டார்கள்.

சட்டமும் இந்த இடத்தில் அரைக் கண் மூடியிருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவின் மேல் அதைத் தயாரித்தவர் பெயர், உரிமையாளர் பெயர், வெளியான வருஷம் இவை இருக்க வேண்டும் என்கிறது. பாட்டை எழுதியவர் பெயரை அந்தப் பிரிவு கேட்கவில்லை! அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. ஆனால் கிராமத்து உபதேசியார் ஒருவர் எழுதி வைத்துப் போன பாட்டுக்காக யார் வழக்குத் தொடுக்கப் போகிறார்கள்?

தொகுப்பின் அருமை ஸ்ரீபெரும்புதூருக்குத் தெரியாததல்ல. ராமாநுஜருடைய குரு பரம்பரையில் மூத்தவர் நாதமுனி. சிதறிக் கிடந்த ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் திரட்டி, இசையோடு ஓத வகை செய்தவர் அவர். நாலாயிரம் இன்று நம் கையில் இருப்பது அந்தத் தொகுப்பினால். நம்பியாண்டார் நம்பி தேவாரத்தைத் தேடிப் போனபோது ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது என்பது நாடறிந்த கதை. நாடாவுக்குக் கரையான் வேண்டாம், ஈரக்காற்றே போதும். பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சை ஒட்டி வைத்திருக்கும் பசை நமுத்து இளகும், ஓட விட்டால் பூச்சு உரிந்து வரும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காணும் கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலை, கலாசாரப் பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு மதத்தின் பாட்டுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று கம்பெனிக்காரர்கள் தயங்கலாம். நியாயமான தயக்கம்தான். கேஸட் காலத்து பக்திப் பாட்டு அனைத்தையும், அம்மன் பாட்டையும் நாகூர் பாட்டையும் சேர்த்தே காப்பாற்றட்டுமே! கேட்டில் நுழைகிற தொழிலாளிகள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

கம்பெனிகள் யோசித்து முடிப்பதற்குள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிற பிள்ளைகள் வீட்டுப் பரணில் அந்தக் கேஸட் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால், நாடாவை உடனே ஓட்டிப் பார்க்க வேண்டாம். பழைய நாடா அறுந்து போகும். உள்ளே இருக்கும் காகிதத்தை மெதுவாக விரித்து, முன்பக்கமும் பின்பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். பாட்டியம்மா இருந்தால், அந்தப் பாட்டை எழுதியவரைத் தெரியுமா என்று கேட்டு, அதையும் குறித்துக்கொள்ளட்டும்.