வெயில் காலமும் துணி நப்கினும்: தாயை மட்டும் குறை சொல்லலாமா?

மார்ச் மாதத்தில் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் குளிரை எதிர்பார்த்தே போகிறார்கள். நக்கிள்ஸ் மலையடிவாரம் அல்லவா! விடியற்காலையில் குளிர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு லயத்துக் காம்பராவுக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேலே தகரம். காற்று வர ஒரு சிறு ஜன்னல். பெரியவர்களுக்கே வியர்த்துக் கொட்டும் அந்த அறையில், நான்கு மாதக் குழந்தை காலையில் கட்டிய பேம்பர்ஸுடன் தொட்டிலில் கிடக்கிறது.

முன்பெல்லாம் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதை வாசலில் உள்ள கொடிக்கயிறே சொல்லிவிடும். பழைய சேலையைக் கிழித்த துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். இன்று அதைச் சொல்வது லயத்துக் கானில் கிடக்கும் பேம்பர்ஸ்தான்.

"இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இதை நான் ஏற்கமாட்டேன். பேறுகால விடுமுறை 84 நாட்கள். அது முடிந்ததும் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகவேண்டும். நாள் முழுதும் கொழுந்து பறித்துத் திரும்பும் தாய், பீலியில் வரிசையில் நின்று, சமைத்து, அதன்பின் நப்கின் துவைக்கவேண்டும். வெயில் காலத்தில் பீலித் தண்ணீர் நூல்போல ஒழுகும். மழைக் காலத்தில் துவைத்தது காயாது. இந்த நிலையில் அவள் கடையில் விற்பதை வாங்கினால் அது சோம்பல் அல்ல, களைப்பு.

ஆனாலும் வெயில் காலத்தில் குழந்தைக்குத் துணியே நல்லது என்பது என் கருத்து. பேம்பர்ஸ் நஞ்சு அல்ல. ஈரத்தை அது நன்றாகவே உறிஞ்சும்; நேரத்துக்கு மாற்றினால் பெரிய தீங்கும் இல்லை. தொல்லை அதன் விலையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து என்றால் மாதத்துக்கு 150. கடையில் ஒன்றின் விலையை 150ஆல் பெருக்கி, அது எத்தனை நாட் சம்பளம் என்று கணக்குப் பாருங்கள். இந்தக் கணக்குத் தெரிந்த தாய், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று ஒன்றையே மாலைவரை விட்டுவிடுகிறாள். வியர்வையும் சிறுநீரும் மலமும் சேர்ந்து, காற்றும் படாமல், தோல் சிவந்து புண்ணாகிறது. மடிப்புகளில் பங்கசும் பிடிக்கிறது.

துணியை அப்படி மறந்துவிட முடியாது. நனைந்தவுடன் தெரிந்துவிடும், மாற்றியே ஆகவேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தாய்ப்பால் போதுமான அளவு குடிக்கும் குழந்தை, பிறந்து ஒரு கிழமைக்குப் பின் ஒரு நாளில் ஆறு தடவையாவது துணியை நனைக்கும். வெயில் நாட்களில் இந்த எண்ணிக்கை குறைந்தால், அடிக்கடி பால் கொடுக்கவேண்டும். குழந்தை சோர்ந்தும் இருந்தால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். ஆறு மாதம்வரை வெயில் என்பதற்காகத் தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை, தாய்ப்பாலே போதும்.

ஈரத் துணியை அப்படியே விட்டாலும் புண் வரும் என்பதை மறக்கக்கூடாது. துணிக்கு மேல் பிளாஸ்டிக் ஜட்டி போட்டால் துணி கட்டியதன் பயன் போய்விடும். பகலில் சற்று நேரம் ஒன்றும் கட்டாமல் பாயில் விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

செலவும் பெரிதல்ல. ஆறு யார் பழைய நூல் சேலை ஒன்றில் 22 அங்குலச் சதுரமாக 18 துண்டுகள் வெட்டலாம். மலத்தை மலசலகூடத்தில் கழித்துவிட்டு, பீலியிலிருந்து தள்ளி, வாளியில் துவைக்கவேண்டும். சவர்க்காரத்தின் வழுவழுப்புப் போகும்வரை அலசாவிட்டால் அதுவே தோலை அரிக்கும். நல்ல வெயிலில் காயவிடவேண்டும். எடுத்துவைக்கும்போது நப்தலின் உருண்டை போடவே கூடாது. சில குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும்.

பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2008இல் வெளியிட்ட ஆய்வு, துணி என்பதாலேயே சுற்றாடலுக்கு நல்லது என்று சொல்லவில்லை. இயந்திரத்தில் உலர்த்தாமல் கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால்தான் துணி மேல் என்று கண்டது. நம் பாட்டிமார் செய்துவந்தது அதுதானே!

பாவித்த பேம்பர்ஸ் எங்கே போகிறது? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட வழி இருக்கவில்லை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் மாறியதும் எல்லா லயத்துக்கும் குப்பை வண்டி வந்துவிடவில்லை. கானில் போட்டதை மழை ஓடைக்குக் கொண்டுபோகிறது. ஓடை ஹுலு கங்கைக்கும், அது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கும் கொண்டுபோகிறது. எரித்தாலோ அந்தப் புகை குழந்தை தூங்கும் காம்பராவுக்கே வருகிறது.

ஆகவே "துணி பாவியுங்கள்" என்று தாய்மாருக்கு வகுப்பு எடுத்தால் மட்டும் போதாது. பிள்ளை மடுவம் ஒவ்வொன்றிலும் வெயில் காலத்திலும் வற்றாத ஒரு குழாய், மூடியுள்ள இரண்டு வாளிகள், மழைக்கு நனையாத கூரையின் கீழ் ஒரு கொடிக்கயிறு வேண்டும். துவைக்கும் வேலையையும் சேர்த்து ஆயாம்மாவின் தலையில் கட்டாமல், அதற்கென ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். இவை தோட்ட நிர்வாகத்தால் முடியாத செலவுகள் அல்ல. லயத்துக் குப்பையை எடுக்கும்படி பன்வில பிரதேச சபையிடம் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

கடைசியாகத் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. பல தோட்டங்களில் ஆண்களின் வேலை பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. பெண்கள் மாலை நிறுவைக்கும் நின்றுவிட்டே வீடு திரும்புகிறார்கள். வெயில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வாளித் துணியைத் துவைத்துக் காயப்போட்டால் ஆண்பிள்ளைக்குக் குறைவு வந்துவிடாது. பிள்ளை இருவருக்கும் சொந்தம் என்றால், பிள்ளையின் துணியும் இருவருக்கும் சொந்தம்தான்.