நாடாவில் உறையும் உழைப்பாளர் குரல்: அழியவிடுவது யார்?

பெங்களூரு ஹலசூரை ஒட்டி அமைந்துள்ளது ஜோகுபாளையம். தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. இத்தகைய குடியிருப்புகளின் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் பழைய கேசட்டுகள் தூசு படிந்து கிடக்கின்றன. திரைப்பாடல்களுக்கும் திருவிழாப் பாட்டுகளுக்கும் நடுவே சங்கத் தலைவரின் உரை, வீதி நாடகக் குழுவின் பாடல், மறைந்த மூதாட்டியின் ஒப்பாரி என்று, வேறெங்கும் நகல் இல்லாத பதிவுகளும் அவற்றில் இருக்கவே செய்யும். பழைய சாமான் வாங்குவோரின் தராசில் அவை வெறும் பிளாஸ்டிக் கழிவு. மக்கள் வரலாற்றின் தராசில் அவற்றின் எடை என்ன என்ற கேள்வியை அரசுகள் இதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை.

உழைப்பாளியின் வானொலி

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. போட்டி நிறுவனங்களின் நெருக்கடி காரணமாக, அதன் வடிவமைப்பை உரிமத்தொகையின்றிப் பிறருக்கும் அது வழங்க நேர்ந்தது. அதனால் எந்த நாட்டில் செய்த கேசட்டும் எந்த நாட்டில் செய்த கருவியிலும் ஓடியது. 1980களில் இந்தியாவின் சிறு நகரங்கள் வரை அது பரவியது.

இதன் அரசியல் முக்கியத்துவம் பெரிது. அன்று வானொலி முழுக்க முழுக்க அரசின் கையில் இருந்தது. 1975-77 அவசரநிலைக் காலத்தில் அது ஆட்சியாளரின் ஊதுகுழலாகவே மாறியதை நாடு கண்டது. அச்சகமோ ஒலிபரப்பு நிலையமோ இல்லாத எளிய மனிதர், தம் குரலைத் தாமே பதிந்து தாமே பரப்பும் வாய்ப்பைக் கேசட்தான் முதன்முதலாகத் தந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதில் தம் வரலாற்றைச் சொல்ல முடிந்தது.

1980 டிசம்பர் 26 அன்று பெங்களூரின் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். பொதுத்துறைத் தொழிலாளர்கள் பி.எச்.இ.எல்.லுக்கு இணையான ஊதியம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 77 நாட்கள் நீடித்த போராட்டம் அது. அது பற்றிய நாளிதழ்ச் செய்திகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் இன்றும் தேடிப் படிக்கலாம். வாயிற்கூட்டத்தில் பேசிய தொழிலாளியின் குரலைக் கேட்க வேண்டுமானால், யாரோ ஒரு தோழர் தோளில் சுமந்து சென்ற டேப் ரெக்கார்டரைத்தான் நம்ப வேண்டும். எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கோலார் தங்கச் சுரங்கம் 2001இலேயே மூடப்பட்டது. ஆலையும் சுரங்கமும் போன பிறகு, அங்கு உழைத்தோரின் குரலும் போக வேண்டுமா?

நாடாவுக்கு முன் கருவி சாகிறது

கேசட் நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டையின் மீது காந்தத் துகள்களைப் பசையால் ஒட்டிய பொருள். அதன் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பத்தில் உறை நெளியும். நாடாவை ஒலித்தலையோடு அழுத்தும் சிறு பஞ்சு உதிர்ந்துவிடும். ஆயினும் பெரும்பாலானவை மீட்கத்தக்கவையே. பூஞ்சணத்தைத் துடைத்து, அறுந்த இடத்தை ஒட்டி, நாடாவைத் திருகாணி பொருத்திய புதிய உறைக்கு மாற்றி, ஒலித்தலையின் கோணத்தைச் சரிசெய்து ஓடவிட்டால் நாற்பதாண்டு பழைய குரலும் எழுந்து பேசும். இதற்குக் கைத்திறனும் பொறுமையும் வேண்டும். ஒரு மணி நேரப் பதிவைக் கணினிக்கு மாற்ற முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். முன்பின் வேலைகளைச் சேர்த்தால் அதைவிடப் பல மடங்கு ஆகும்.

உண்மையான நெருக்கடி வேறிடத்தில் இருக்கிறது. நாடா அழிவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவி அழிந்துவருகிறது. சோனி நிறுவனம் 2010இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் உற்பத்தியை நிறுத்தியது. கருவியின் ரப்பர் பட்டை இளகிவிடுகிறது. பழுது பார்க்கத் தெரிந்த கைவினைஞர்கள் முதுமையடைந்துவிட்டனர். 2019இல் யுனெஸ்கோ, சர்வதேச ஒலி-ஒளிக் காப்பகச் சங்கத்துடன் இணைந்து உலகளாவிய எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நாடாக்களை இயக்கும் கருவிகளைத் தொடர்ந்து பராமரிப்பது 2025ஆம் ஆண்டளவில் இயலாமற்போகும் என்பதே வல்லுநர்களின் கணிப்பு. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

கருவி வழக்கொழிவதை இயற்கை விதிபோல் சித்தரிப்பது மோசடி. லாபம் வற்றியதும் உற்பத்தியையும் உதிரி பாகத்தையும் நிறுத்துவது முதலாளித்துவத்தின் முடிவு. அதன் விலையை மக்களின் நினைவு செலுத்துகிறது.

சந்தை காப்பாற்றாது

‘மதிப்புள்ளது எப்படியும் இணையத்துக்கு வந்துவிடும்’ என்போர் உண்டு. எதன் மதிப்பு? விற்கத்தக்க திரைப்பாடலை நிறுவனங்கள் மீட்கும். கட்டடத் தொழிலாளியின் தாலாட்டையோ துப்புரவுத் தொழிலாளியின் போராட்ட உரையையோ எந்த நிறுவனம் மீட்கும்?

‘பணமில்லை’ என்ற வாதமும் எடுபடாது. மத்திய கலாச்சார அமைச்சகம் தேசிய கலாச்சார ஒலி-ஒளிக் காப்பகத் திட்டத்தை இந்திரா காந்தி தேசிய கலை மையத்தின் வழியே நிறைவேற்றியது. 1998இல் வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும் இந்தியத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் சங்கமும் இணைந்து இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகத்தை உருவாக்கின. ஆக, வழி தெரியாமல் இல்லை. அது நொய்டாவோடு நின்றுவிடாமல் தொழிலாளர் வாழும் நகரங்களுக்கெல்லாம் வர வேண்டும் என்பதே கேள்வி. சட்டமும் தடையாக இல்லை: தன்னிடம் உள்ள படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமித்துவைக்க, வணிக நோக்கமற்ற பொது நூலகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதி அளிக்கிறது.

செய்ய வேண்டியவை

கர்நாடக, தமிழக அரசுகள் தத்தம் ஆவணக் காப்பகங்களில் ஒலிநாடா மீட்புப் பிரிவை உடனே தொடங்க வேண்டும். ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் முகாம் நடத்தி, கேசட்டுகளைக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். நாடாவும் ஒரு நகலும் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். எதைப் பொதுவில் வைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். டேப் பழுதுபார்க்கும் மூத்த கைவினைஞர்களை உரிய ஊதியத்துடன் பயிற்றுநர்களாக்கி, அத்தொழிலைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்க வேண்டும். மக்கள் பணத்தில் உருவான வானொலிக் காப்பகங்களை மக்களுக்கே கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும்.

அரசு அசையும் வரை காத்திருக்கவும் நேரமில்லை. தொழிற்சங்கங்களும் கலை இலக்கிய அமைப்புகளும் தத்தம் அலுவலக அலமாரிகளிலிருந்தே பணியைத் தொடங்கலாம். கிடைக்கும் ஒவ்வொரு நாடாவிலும் யார், எங்கே, எப்போது பேசியது என்பதை, அதைச் சொல்லத் தெரிந்த தோழர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். பெயரும் ஊரும் ஆண்டும் தெரியாத குரலை மீட்டாலும் அது பாதி மீட்புதான்.

ஆளும் வர்க்கத்தின் குரலைக் காக்க அரசு இருக்கிறது. உழைப்பாளர் குரலைக் காக்க உழைப்பாளர் இயக்கம் முன்வர வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்கும்படி அரசையும் நிர்ப்பந்திக்க வேண்டும்.