காற்றுக்கும் விலை! அதிலும் கலப்படம்!

தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். இப்போது காற்றையும் விலை பேசுகிறார்கள். வீட்டில் ஒரு பெட்டியை வைத்து மின்சாரத்தில் மாட்டினால் சுத்தமான காற்று வந்துவிடுமாம்! விளம்பரம் அப்படித்தான் முழங்குகிறது.

"அரிசிக்கே காசில்லை, எங்களுக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் நெஞ்சுக்குள் போகும் தூசுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்து பார்ப்போம். இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று, விசிறியால் காற்றை இழுத்து, நெருக்கமான நார் மடிப்பின் வழியே தள்ளுவது. இதை ஹெப்பா வடிகட்டி என்கிறார்கள். 1940களில் அமெரிக்கா அணுகுண்டு செய்தபோது, கதிரியக்கத் தூசைப் பிடிப்பதற்காக உருவானது. ஒரு மில்லிமீட்டரை 1000 கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். 0.3 மைக்ரான் அளவுள்ள தூசிலும் 100க்கு 99.97 பங்கை இது பிடித்துவிடும். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் வாயுக்களை இது பிடிக்காது. அவற்றில் சிலவற்றைப் பிடிக்கத் தனியாகக் கரி வேண்டும். கதவை அடைத்த அறைக்குத்தான் பயன். நாரில் அழுக்கு ஏறினால் மறுபடியும் பணம் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும்.

இரண்டாவது, அயனியாக்கி. சத்தமில்லை, வடிகட்டி மாற்றும் செலவில்லை என்று ஆசை காட்டி விற்றது இதைத்தான். ஊசிமுனையிலோ கம்பியிலோ உயர் அழுத்த மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். காற்றில் மின்னேற்றம் உண்டாகித் தூசின்மேல் ஏறுகிறது. மின்னேறிய தூசு கொஞ்சம் தகட்டில் ஒட்டுகிறது; மீதி சுவரிலும் தரையிலும் திரைச்சீலையிலும் படிகிறது. நடந்தால் திரும்பக் கிளம்புகிறது. குப்பையைப் பாய்க்கடியில் தள்ளுவதற்குப் பெயர் சுத்தமா?

அத்தோடும் விடவில்லை. அதே மின்சாரம் பிராணவாயுவை உடைத்து ஓசோன் என்ற வாயுவை உண்டாக்குகிறது. வானத்தின் உயரத்தில் அது நமக்குக் குடை. மூச்சில் ஏறினால் இருமல், நெஞ்சு எரிச்சல். ஆஸ்துமாக்காரருக்கோ கூடுதல் வேதனை. பாலில் தண்ணீர் கலப்பவனைப் பார்த்திருக்கிறோம். காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக் காற்றிலேயே கலப்படமா?

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஷார்ப்பர் இமேஜ் என்ற கம்பெனி 'அயானிக் பிரீஸ்' என்ற பெட்டியை 300 டாலருக்கு மேல் விற்றது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற பத்திரிகை அதைச் சோதித்து, தூசையும் புகையையும் ஒழுங்காக அகற்றவில்லை என்று 2002லும் 2003லும் எழுதியது. கம்பெனி என்ன செய்தது? பெட்டியைத் திருத்தவில்லை. உண்மை எழுதிய பத்திரிகைமேல் வழக்குப் போட்டது! 2004 நவம்பரில் கோர்ட் வழக்கைத் தள்ளியது. வழக்குச் செலவாக 5,25,000 டாலரைக் கம்பெனி கொடுக்க நேர்ந்தது. 2005ல் அதே பத்திரிகை, இத்தகைய சில பெட்டிகளின் ஓசோன் உடலுக்குக் கேடு செய்யலாம் என்றும் எச்சரித்தது. 2008ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. பிறகுதான் கலிஃபோர்னியாவில் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது: காற்றில் 100 கோடிக்கு 50 பங்குக்கு மேல் ஓசோன் ஏற்றும் பெட்டியை விற்கக்கூடாது.

இதிலிருந்து நாம் படிக்கும் பாடம் என்ன? தூசை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். பரவவிட்டுப் பிறகு பெட்டி விற்பது பணக்காரனின் படுக்கையறைக்கு வேண்டுமானால் உதவும். பஞ்சாலையில் வேலை செய்பவனுக்கு? வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுகிறதே, அந்தப் பஞ்சுத்தூசு நோய்க்கு எந்தக் கடையில் பெட்டி விற்கிறது?

அமெரிக்கப் பஞ்சாலைகளுக்கு 1978ல் விதி பிறந்தது. நூல் நூற்கும் இடத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசு கூடாது. செலவாகும் என்று ஆலை முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1981ல் தோற்றார்கள். நம் நாட்டிலும் 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14வது பிரிவு, தூசைப் பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சி வெளியேற்றச் சொல்லியிருந்தது. சட்டத்தின் பெயர் மாறலாம், தூசு மாறவில்லை.

விவசாயக் கூலியின் அடுப்படிக்கு வாருங்கள். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. விறகோடு மல்லுக்கட்டும் நம் தாய்மாருக்குத் தேவை புகையில்லாத அடுப்பு. ஏழைக்கு எட்டும் விலையில் எரிவாயு.

ஆகவே நாம் கேட்கிறோம்: விற்கிற ஒவ்வொரு பெட்டியின் மேலும் எவ்வளவு தூசு எடுக்கும், எவ்வளவு ஓசோன் விடும் என்பதைச் சோதித்து அச்சிடு! ஆலையில் தூசு உறிஞ்சியைப் பொருத்து, ஓட்டு! குடிசையின் புகையை ஒழி!

சுத்தமான காற்று கடைச்சரக்கல்ல. அது உழைப்பவனின் உரிமை. ஒன்றுபட்டுக் கேட்போம்!