ஓய்வு யாருக்கு?

காயல்பட்டினத்தில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது ஊர் வழக்கம். இதைச் சொல்லியே, எங்கள் பெண்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. வீடு அவள் பேரில் இருக்கிறது, சரி. அவளுடைய நேரம் யார் பேரில் இருக்கிறது?

தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் ஆண்கள் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனார்கள். முப்பது, நாற்பது வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பும் ஆணை 'ஓய்வு பெற்றவர்' என்கிறோம். பள்ளிவாசல், கடற்கரைக் காற்று, நண்பர்களோடு பேச்சு, மூன்று வேளைச் சூடான சாப்பாடு என்று அவர் நாள் நகர்கிறது. அவர் உழைத்தது உண்மை. ஓய்வு அவருக்கு உரியதே.

அதே வருஷங்களில் அவர் மனைவி பிள்ளைகளைத் தனியாக வளர்த்தாள். முதியவர்களைப் பார்த்துக்கொண்டாள். வீடு கட்டும்போது கொத்தனாரிடம் கணக்குக் கேட்டாள். அவளுக்கும் அறுபது ஆகிறது. யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. கணவர் திரும்பிய நாளிலிருந்து அவளுக்கு வேலை கூடுகிறது. வேளைக்கு வேளை தேநீர், நேரம் தவறாமல் சோறு, உப்பு குறைந்தால் விசாரணை.

இது காயலின் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை 60 வயதில் பணி ஓய்வு பெறுகிறார். அடுக்களையிலிருந்து அவரை விடுவிக்க எந்த அரசாணையும் இல்லை. ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 88 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி. நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் கைவைக்கவே இல்லை.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாக வந்தது. உரிமை என்று பேர் வைத்தது நல்லது. ஆனால் அதை இந்த 289 நிமிடத்துக்கு வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது.

"அவருக்கு அடுக்களை வேலை தெரியாதே" என்பார்கள். வெளிநாட்டில் நான்கைந்து பேர் ஒரே அறையில் தங்கி, முறை வைத்துச் சமைத்து, தன் சட்டையைத் தானே துவைத்தவர்கள் எத்தனை பேர்! ஊர் மண்ணை மிதித்ததும் கை மறந்துவிடுமா? மறப்பது கை இல்லை. இங்கே செய்ய ஓர் ஆள் இருக்கிறாள் என்ற தைரியம்தான்.

ஆகவே நாம் கேட்பது சலுகை இல்லை, பங்கு. அந்த அறையில் இருந்த முறை இந்த அடுக்களையிலும் வரட்டும். வாரத்தில் பாதி நாள் அவர் சமைக்கட்டும், பாத்திரம் கழுவுவதும் சேர்த்துத்தான். உம்மாவின் சுமையை மகளின் தோளுக்கு மாற்றிவிட்டு அதை ஓய்வு என்று சொல்லக் கூடாது. வாப்பாவிடமும் அண்ணன் தம்பியிடமும் இதை இன்றே கேளுங்கள். அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டாம்.