இரவல் சாலை

இரவல் வாங்கிய பொருளைச் சொந்தப் பொருளைவிடப் பத்திரமாகக் காப்பாற்ற வேண்டும் என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லித் தரும் முதற் பாடம். பக்கத்து வீட்டு ஜமக்காளத்தைக் கறை படாமல் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடியும் அந்த வீட்டுப் படியேற முடியும். ஜமக்காளம் இரவல் கேட்கும் வழக்கம் இக்காலத்தில் குறைந்துவிட்டது. ஆனால் மோட்டார் வண்டி இரவல் கிடைக்கிறது! அதுவும் முன்பின் அறியாத தேசத்தில், விமானத்தை விட்டு இறங்கிய சிறிது நேரத்துக்குள். ஒரு கையெழுத்தும் ஒரு கடன் அட்டையும் இருந்தால் போதும்; லட்சக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள வண்டியின் சாவியை உள்ளங்கையில் வைத்துவிடுகிறார்கள்.

இப்படி வண்டி எடுத்துக்கொண்டு ஒரு தேசம் முழுவதையும் சுற்றி வருவதற்கு ஐஸ்லாந்தைப் போல் வசதியான இடம் வேறில்லை. அதைப் போல் கண்டிப்பான உபாத்தியாயரும் வேறில்லை. ஓர் உபாத்தியாயர் இன்னோர் உபாத்தியாயரைப் புகழ்வது அபூர்வம். ஆகையால் இந்த வார்த்தையை வாசகர்கள் நம்பலாம்.

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் கிடக்கும் அந்தத் தீவின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். அதாவது, நம்முடைய மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஜனத்தொகையோ நான்கு லட்சத்துக்கும் குறைவு. ரயில் என்பதே கிடையாது. எனவே சாலைதான் கதி. முதலாம் எண் சாலை என்று பெயர் பெற்ற வட்டச் சாலை, வடமேற்குத் தீபகற்பத்தை ஒதுக்கிவிட்டு, தீவைச் சுற்றிச் சுமார் 1,320 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் புறப்பட்டவன் நேராகப் போய்க்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவான். வழி தவறுமோ என்ற பயமே வேண்டியதில்லை.

சென்ற செப்டம்பர் மாதம் நானும் என் மனைவியும் அந்தச் சாலையில் சென்றோம். ஹாம்பர்க் நகரத்தில் வேலை பார்க்கும் என் தம்பி எங்களை அழைத்துச் சென்றான். வண்டியை ஓட்டியவன் அவன். காகிதங்களைப் படிப்பது என் பங்கு. விமானம் இறங்குமிடம் கெப்லாவிக். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படையினர் அமைத்த விமானத்தளம் அது. தலைநகரமான ரெய்க்யாவிக் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.

வாடகைக்காரரின் ஒப்பந்தத்தை நான் வரிவரியாகப் படித்தேன். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். விடட்டும்! அந்தக் காகிதம் ஓர் அருமையான பூகோளப் பாடம். சாதாரண இன்ஷியூரன்ஸோடு, சரளைக்கல் பட்டு உடையும் கண்ணாடிக்கு ஒரு தனி இன்ஷியூரன்ஸ்; மணலும் எரிமலைச் சாம்பலும் வண்டியின் வர்ணத்தைச் சுரண்டிவிட்டால் அதற்கு மற்றொன்று. ஆற்றில் இறக்கிக் கெட்டுப்போன வண்டிக்கும், காற்று பிடுங்கிய கதவுக்கும் மட்டும் எந்த இன்ஷியூரன்ஸும் கிடையாது என்று அந்த ஒப்பந்தம் கூறியது. அந்த நஷ்டம் முழுவதும் வாடகைக்கு எடுத்தவன் தலையில் விழும். "காற்று கதவைப் பிடுங்குமா?" என்று என் மனைவி கேட்டாள். சாவி கொடுத்த பெண் சிரிக்கவில்லை. வண்டியைக் காற்று வரும் திசைக்கு முகமாக நிறுத்த வேண்டும்; கதவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும் என்று செய்து காட்டினாள்.

நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் இன்னும் சில விஷயங்களை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போவது உத்தமம். அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல் இடப்புறம் ஓட்டியவர்கள்தாம். 1968-ஆம் வருஷம் மே மாதம் 26-ஆம் தேதி தேசம் முழுவதும் ஒரே நாளில் வலப்புறம் மாறிவிட்டது. தார்ச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80, ஊருக்குள் பொதுவாக 50 என்பது வேக வரம்பு. பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். ஆள் இல்லாத பெட்ரோல் நிலையங்களில் அட்டையோடு அதன் ரகசிய எண்ணும் வேண்டும். அக்குரேரி நகரத்துக்குக் கிழக்கேயுள்ள ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கப்பாதையில் சுங்கச் சாவடியே கிடையாது. இணையத்தின் மூலம் நாமாகவே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ரசீது வாடகைக்காரருக்குப் போய், அவருடைய கூலியும் சேர்ந்து நம்மிடம் திரும்பி வரும்.

ஒற்றை வண்டி மாத்திரம் போகக்கூடிய பாலங்கள் அந்தச் சாலையில் இன்னும் இருக்கின்றன. பாலத்துக்கு எவர் அருகில் இருக்கிறாரோ அவர் முதலில் போகலாம் என்பது சம்பிரதாயம். போலீஸ்காரரும் இல்லை, ஹாரன் சத்தமும் இல்லை. ஒருவர் நிற்கிறார், மற்றவர் கையசைத்துவிட்டுப் போகிறார். கோடையில் ஆடுகள் சாலையோரம் மேயும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறு பக்கமும் நின்றால், வண்டியைக் கண்டதும் குட்டி தாயிடம் ஓடிவரும் என்று எண்ணி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எப் என்ற எழுத்தோடு எண்ணிட்ட மலைப் பாதைகளுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அவசியம். பாதையை விட்டு வெறுந்தரையில் ஓட்டுவதோ சட்டப்படி குற்றம். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதைத் தெற்கே வட்டச் சாலை கடந்து செல்லும் எரிகுழம்புக் காட்டில் கண்டுகொள்ளலாம். 1783-இல் லாகி என்னுமிடத்தில் பூமி பிளந்து கக்கிய குழம்பு அது. அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் அந்நாட்டு ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டுபோனார்கள். இத்தனை வருஷங்கள் கழித்தும் அந்தக் கல்லின் மீது பெரும்பாலும் பாசிதான் படர்ந்திருக்கிறது. ஒரு சக்கரத் தடம் அந்தப் பாசியில் விழுந்தால் ஆற நெடுங்காலம் பிடிக்கும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தச் சாலையின் சரித்திரத்தை. தெற்கே வத்னா பனிமலையின் அடிவாரத்தில் ஸ்கெய்தரா மணல்வெளி என்று ஒரு கருமணற் பாலைவனம் இருக்கிறது. பனிமலையிலிருந்து இறங்கும் ஆறுகள் தடம் மாறி மாறி ஓடும் இடம் அது. அங்கே பாலம் கட்டி முடியாததால் வட்டம் நெடுங்காலம் பூர்த்தியாகவில்லை. தென்கிழக்கிலுள்ள ஹோப்ன் ஊரார் வண்டியில் தலைநகரம் போவதென்றால் வடக்கே தீவையே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1974-ஆம் வருஷம் ஜூலை மாதம் அந்தப் பாலம் திறக்கப்பட்டது, வட்டமும் முழுமையாயிற்று.

22 வருஷங்கள் சென்றன. 1996-இல் பனிமலைக்கு அடியிலேயே எரிமலை வெடித்தது. உருகிய நீர் பல வாரம் உள்ளே தேங்கிக் கிடந்து, நவம்பர் 5-ஆம் தேதி வெள்ளமாகப் புரண்டு வந்தது. வீட்டளவு பனிக்கட்டிகள் மோதி ஒரு பாலம் அடியோடு போயிற்று. பெரிய பாலம் ஊனப்பட்டது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெள்ளம் வரும் என்று எதிர்பார்த்துச் சாலையை முன்னமே மூடியிருந்தார்கள். முறுக்கிய துணிபோல் வளைந்த இரும்பு உத்தரங்கள் இன்றைக்கும் சாலையோரத்தில் ஞாபகச் சின்னமாக நிற்கின்றன.

2010-இல் எய்யாபியாட்லா பனிமலையில் எரிமலை எழுந்தபோது அவர்கள் செய்த காரியம் இன்னும் ஆச்சரியமானது. வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோகும் என்று கண்டு, தாங்கள் போட்ட சாலையைத் தாங்களே இயந்திரம் வைத்து வெட்டி நீருக்கு வழி விட்டார்கள். சாலை போயிற்று, பாலம் பிழைத்தது. மறு வருஷம் மூலாக்விசில் ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போனபோது ஒரே வாரத்தில் தற்காலிகப் பாலம் அமைத்தார்கள். அந்த 1974-ஆம் வருஷத்துப் பெரிய பாலத்தின் கதை என்ன ஆயிற்று? பனிமலை சுருங்கிப் பின்வாங்கியதால் 2009-இல் ஆறே தடம் மாறி வேறோர் ஆற்றோடு கலந்துவிட்டது. நீரில்லாத மணலின் மேல் பாலம் தனியே நின்றது. 2017-இல் சாலையை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நாம் வண்டியை இரவல் வாங்குகிறோம். அந்தத் தேசமோ சாலையையே இயற்கையிடம் இரவல் வாங்கியிருக்கிறது. கேட்டபோது கொடுத்துவிடுகிறது, மறுபடியும் பொறுமையாகக் கட்டிக்கொள்கிறது. இதில் தோல்வி என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

எங்களுக்கும் ஒரு பரீட்சை வந்தது. வீக் என்னும் கடற்கரை ஊரில் காலையில் புறப்பட இருந்தோம். அன்று இரவு தங்க ஹோப்னில் அறைக்குப் பணம் கட்டியாயிற்று. சாலை இலாகாவின் இணையப் பக்கத்தில் ஸ்கெய்தரா மணல்வெளிக் காற்று 28 என்று கண்டிருந்தது.

"28 என்றால் என்ன கணக்கு?" என்றாள் என் மனைவி.

"விநாடிக்கு 28 மீட்டர். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு நூறு கிலோமீட்டர்" என்றேன்.

"சாலையை மூடவில்லையே, அண்ணா! மெதுவாகப் போய்விடலாம். அறைப் பணம் திரும்பி வராது" என்றான் தம்பி.

"பணம் போனால் ஓர் இராத்திரி போயிற்று, தம்பி. காற்று வண்டியைக் கொண்டுபோனால் யாரிடம் திரும்பக் கேட்பது?" என்றாள் அவள்.

தம்பி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு மணி நேரத்துக்குள் சாலையை மூடிவிட்டார்கள். மறுநாள் காலை அதே மணல்வெளி குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்நாட்டில் ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கப் போகிறவர்கள் சம்பளம் வாங்கும் சிப்பந்திகள் அல்லர், தொண்டர்கள். தங்கள் சொந்த வேலையைப் போட்டுவிட்டுப் புயலுக்குள் புறப்படுகிறார்கள். மூடிய சாலையில் துணிந்து போகிறவன் தன் உயிரை மட்டுமா பணயம் வைக்கிறான்? அவர்களுடைய உயிரையும் அல்லவா வைக்கிறான்!

நம் ஊரிலும் ஐப்பசி, கார்த்திகை வருகிறது. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் புரளுகிறது. "முழங்கால் அளவுதானே, போய்விடலாம்" என்று ஒருவர் சொல்லுகிறார். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வண்டியைத் திருப்புகிறவனைக் கோழை என்று சொல்லாதிருக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஐஸ்லாந்துக்குப் போக எல்லாருக்கும் வாய்க்காது. இந்தப் பாடத்தைக் கற்க அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. உத்தேசித்த பிரயாணத்தில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள். அந்த ஒரு நாள் செலவாகாமல் திரும்பினால் லாபம். செலவானால் அதைவிடப் பெரிய லாபம்.