ஜெட்டில் கம்பி விடாதே!

பழைய ஜப்பான் வண்டி வைத்திருக்கிற ஆசாமிகளே, உங்களுக்குத்தான் இது!

எங்க அப்பா 1991-ல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ்.100 போன மாதம் திடீரென்று மக்கர் பண்ணியது. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"கார்பரேட்டர் அடைச்சிருக்கு தம்பி. பத்து நிமிஷம்" என்றார் மெக்கானிக். கழற்றினார். பழைய கிளட்ச் கேபிளில் இருந்து ஒரு இழையை உருவினார். இரண்டு ஜெட்டிலும் விட்டு நாலு குத்து! வண்டி உறுமியது. ரூ.150 கைமாறியது.

அதன் பிறகுதான் வினை. சிக்னலில் நின்றால் ஒரே புகை. பின்னால் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள். பிளக் வாரத்துக்கு ஒரு தடவை கரி பிடித்தது. பெட்ரோல் தண்ணியாகச் செலவானது.

ஜெட் என்பது பித்தளைத் துண்டு. அதில் இருக்கிற ஓட்டை ஒரு மில்லி மீட்டர் கூடக் கிடையாது. அந்த ஓட்டை வழியாக எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதன் தலையில் நம்பரும் அடித்திருக்கிறார்கள். இரும்புக் கம்பியை விட்டால் பித்தளை தேயும். ஓட்டை பெரிதானால் பெட்ரோல் கூடப் போகும். அடைப்பை அரைகுறையாக விட்டாலோ பெட்ரோல் குறைந்து, காற்று கூடி, இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கிடம் காட்டினேன். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொலை பண்ணிட்டானுங்க" என்றார். (கொலைச் செய்தி எழுதுகிறவனிடமே!)

அவர் வேலை செய்ததைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்தார். ரப்பர் சாமான்களை எடுத்துவிட்டு, கிளீனரில் ஊற வைத்தார். ஒவ்வொரு துளையிலும் காற்றடித்தார். கம்பியைத் தொடவே இல்லை. இரண்டு ஜெட், ஃப்ளோட் ஊசி, கேஸ்கட் எல்லாம் புதுசு. ஃப்ளோட் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார். அது தப்பினால் பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டும். சிலைடைப் போடும்போது மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தார்.

"இதைத் திருப்பிப் போட்டா ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் குறையாது தம்பி. ஆளைக் காவு வாங்கிடும்" என்றார்.

விபத்துச் செய்தியில் 'கட்டுப்பாட்டை இழந்து' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறோம். ஏன் இழந்தது என்று யார் கேட்டோம்? நானும் கேட்டதில்லை.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு மணி நேர வேலைக்கு 150 ரூபாய்க்கு மேல் தர மாட்டேன் என்று அடம் பிடித்தால் அவரும் கம்பியைத்தான் எடுப்பார். 2020-ல் பி.எஸ்.6 வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பட்டறைப் பையன்கள் கார்பரேட்டர் எங்கே கற்றுக்கொள்வார்கள்?

ஆனால் பழசு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! ஓசூரில் 1984-ல் வந்த இண்ட்-சுசுகியை இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறவர்கள் உண்டு. ஆர்.எக்ஸ்.100 உற்பத்தி 1996-ல் நின்றது; மவுசு நிற்கவில்லை. பங்க்கில் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா? டேப்பை மூடி, கார்பரேட்டரில் இருக்கிற பெட்ரோலை வடித்து விடுங்கள்.

பட்டறையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அசல் மிக்குனி கார்பரேட்டருக்கு இன்று நல்ல கிராக்கி. திரும்பி வருவதற்குள் டூப்ளிகேட் ஏறியிருந்தால் ஸ்டேஷனில் என்னவென்று புகார் கொடுப்பீர்கள்? கழற்றிய ஜெட்டைக் கேட்டு வாங்குங்கள். புதுசில் அதே நம்பர்தானா என்று பாருங்கள்.

பெரியவர் கூலி ரூ.600 கேட்டார். பேரம் பேசவில்லை, கொடுத்துவிட்டேன்.